அறுபத்தாறு சென்டிமீட்டர் வழக்கு: பழைய கோஆர்டினேட்டைப் புதியதோடு எப்படிச் சேர்ப்பது?

2025 சித்திரையில், புதுச்சேரி-கடலூர் எல்லையில் உள்ள முள்ளோடைப் பக்கம் ஒரு தோப்பை அளக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தென்னை, நடுவில் கொஞ்சம் வாழை, சுற்றிலும் கம்பி வேலி. தோப்புக்காரர் 2013ல் இடத்தை வாங்கியபோதே டிஜிபிஎஸ் (துல்லியமான ஜி.பி.எஸ். கருவி) வைத்து அளந்து, நான்கு மூலைக் கல்லுக்கும் கோஆர்டினேட் (இடத்தைக் குறிக்கும் எண்) எழுதி வாங்கி, அந்தத் தாளை லேமினேட் செய்து பத்திரத்தோடு வைத்திருந்தார். பத்திரத்தில் பிரெஞ்சுக் காலத்து நில அளவையான கடாஸ்தர் எண், கீழே புதிய சர்வே எண், அதற்கும் கீழே இந்தத் தாள். "தம்பி, இந்த நாலு பாயின்ட்டையும் மறுபடி ஊனிக் காட்டுங்க, போதும்" என்றார்.

முந்தின நாளே ஒரு புள்ளியில் பேஸை, அதாவது அசையாமல் நிற்கும் ரிசீவரை, நான்கு மணி நேரம் ஓடவிட்டு, அந்தப் பதிவை இணையத்தில் உள்ள பி.பி.பி. சேவைக்கு (பக்கத்தில் வேறு பேஸ் இல்லாமலே இடத்தைத் துல்லியமாகக் கணக்கிடும் சேவை) அனுப்பி எண் வாங்கியிருந்தேன். கையில் கொண்டுபோகும் ரிசீவரான ரோவரில் பழைய கோஆர்டினேட்டைப் போட்டுத் தென்மேற்கு மூலைக்கு நடந்தோம். அம்புக்குறி எங்களை வேலிக்கு வெளியே, பக்கத்து நிலத்தின் வரப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. கல் அங்கிருந்து 66 சென்டிமீட்டர் தள்ளி, அசையாமல் இருந்தது. கூட வந்த பையன் சுண்ணாம்பால் ஒரு கூட்டல் குறி போட்டான். தோப்புக்காரர் முகம் சிவந்துவிட்டது. "பாத்தீங்களா! ரெண்டடி தின்னுருக்கான். உங்க மெஷினே சொல்லுதே."

"இருங்க ஐயா, கிழக்கையும் பார்த்துடுவோம்" என்றேன். கிழக்கு மூலைகளில் சுண்ணாம்புக் குறி அவருடைய கிழக்கு வேலிக்கு உள்பக்கமாக விழுந்தது. அதே 66 சென்டிமீட்டர், அதே தென்மேற்குத் திசை. மெஷினை நம்புவதானால், மேற்கே பக்கத்துக்காரர் தின்ற அளவை இவர் கிழக்கே அடுத்தவரிடம் தின்றிருக்க வேண்டும். அதன் பிறகு அவர் சத்தம் குறைந்துவிட்டது.

யாராவது வேலியைத் தள்ளிப் போட்டிருந்தால் ஒரு பக்கம்தான் நகர்ந்திருக்கும். நான்கு மூலையும் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில், ஒரே அளவில் நகர்ந்தால் சந்தேகப்பட வேண்டியது கோஆர்டினேட் எழுதிய தேதியை. 2013ல் அளந்தவரும் பி.பி.பி.தான் செய்திருக்கிறார். அவர் எண் அந்த வருடத்துக்கு உரியது, என் எண் இந்த வருடத்துக்கு உரியது. இடையில் 12 வருடம் ஓடிவிட்டது. நம் காலடியில் இருக்கும் பெரும் பாறைப் பலகையான இந்தியத் தட்டும் கூடவே ஓடியிருக்கிறது.

எவ்வளவு ஓடுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐ.டி.ஆர்.எஃப். என்ற உலகச் சட்டகத்தோடு (உலகம் முழுவதற்கும் பொதுவான கோஆர்டினேட் அமைப்பு அது) வரும் தட்டு நகர்வு மாதிரியில் கடலூரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டால், வருடத்துக்கு வடக்கே சுமார் 35 மில்லிமீட்டர், கிழக்கே சுமார் 43 மில்லிமீட்டர் வரும். இரண்டையும் சேர்த்தால் வடகிழக்கே 55 மில்லிமீட்டர். 12 வருடத்துக்கு வடக்கே 42 சென்டிமீட்டர், கிழக்கே 51 சென்டிமீட்டர், குறுக்கே 66 சென்டிமீட்டர். தோப்புக்காரரின் இரண்டடி இதுதான். கல்லின் கோஆர்டினேட் வருடா வருடம் கூடுகிறது. பழைய எண்ணைப் புதிய கருவியில் போட்டு ஊன்றினால் புள்ளி கல்லுக்குத் தென்மேற்கே விழும்.

சரி, இப்படிப் பழைய எண்ணும் புதிய எண்ணும் முட்டிக்கொள்ளும்போது என்ன செய்வது? எனக்குத் தெரிந்து நான்கு வழி உண்டு. நான்கையும் நான் செய்திருக்கிறேன், இரண்டில் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இன்றைய எண்ணை இன்றைய எண்ணாகவே கொடுத்துவிடுவது. கேட்க அலட்சியமாகத் தோன்றும், ஆனால் பாதி வேலைக்கு இதுவே போதும். இறால் பண்ணைக்கு மண் எடுக்க அளவு, வங்கிக் கடனுக்கு ஒரு பிளான், வீட்டு மனைக்கு நாலு பக்க நீளம் என்று ஒரே நாளில் அளந்து ஒரே நாளில் முடிகிற வேலை எதற்கும் தட்டு நகர்வு குறுக்கே வராது. தட்டு நகரும்போது தோப்பும் நகர்கிறது, பக்கத்துத் தோப்பும் நகர்கிறது, நடுவில் உள்ள வரப்பும் நகர்கிறது. நீளம் மாறாது, சென்ட் மாறாது. தட்டு லேசாகத் திரும்பவும் செய்கிறதே என்று கேட்கலாம். அந்தத் திருப்பத்தை இந்த ஊருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள இடத்தில் 20 வருடத்துக்கு 0.05 மில்லிமீட்டர் வருகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை எடுத்துக்கொண்டாலும் ஒரு மில்லிமீட்டர்தான். சுண்ணாம்புக் கோட்டின் தடிமனே அதைவிடப் பல மடங்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. "யூ.டி.எம்.மில் போட்டால் நீளம் குறைகிறது, தட்டு நகர்ந்ததாலா?" என்று ஒரு இன்ஜினியர் கேட்டார். யூ.டி.எம். என்பது உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையான கட்டத்தில் போடும் முறை. அதில் கடலூர் 44ஆம் மண்டலத்தில், நடுத் தீர்க்கரேகைக்கு மேற்கே சுமார் 134 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் தரையில் ஒரு கிலோமீட்டர் என்பது கட்டத்தில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் குறைவாக வரும். உருண்டையைத் தட்டையாக்குகிற வரைபடக் கணக்கு அது, தட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தட்டு நகர்வு புள்ளியின் இடத்தை மாற்றும், புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை நம் பக்கத்தில் மாற்றாது.

முதல் வழியின் வினை பிறகுதான் தெரியும். ஐந்து வருடம் கழித்து இன்னொருவர் அதே கோப்பைத் திறந்து வேலையைத் தொடர்ந்தால் 28 சென்டிமீட்டர் இடிக்கும். தாளில் தேதி இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். "டபிள்யூ.ஜி.எஸ். 84" என்று மட்டும் எழுதியிருந்தால் அவ்வளவுதான். ஜி.பி.எஸ். சட்டகத்தின் அந்தப் பெயர் 1994லிருந்து பல முறை திருத்தப்பட்ட பல சட்டகங்களுக்குப் பொதுப்பெயர், நாளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது வழி, கல்லோடு பொருத்துவது. நம்மவர்கள் லோக்கலைசேஷன் என்பார்கள். பழைய கோஆர்டினேட் உள்ள கற்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் மேல் ரோவரை வைத்து அளந்து, இன்றைய எண்ணுக்கும் பழைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தமாகக் கழித்துவிடுவது. தட்டு எவ்வளவு நகர்ந்தது, எந்த வருடம், எந்தச் சட்டகம் என்று எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம். எல்லாம் அந்த ஒரு கழித்தலுக்குள் அடங்கிவிடும். மேலே சொன்ன மில்லிமீட்டர் கணக்குதான் இதற்கும் தைரியம். ஊரே ஒரே துண்டாக நகர்வதால் ஒரே கழித்தல் எல்லாப் புள்ளிக்கும் சரியாக இருக்கும்.

எல்லைத் தகராறுக்கு எனக்கு இதுதான் முதல் மருந்து. காரணம் கணக்கு மட்டும் இல்லை. கடலூர்ப் பக்கம் 1923ஆம் வருட நில அளவை, எல்லைகள் சட்டப்படி எல்லை என்பது நட்ட கல்லும் புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கு உரிய அளவு வரைபடம்) உள்ள அளவும்தான். தாலுகா அலுவலகத்தில் யாரும் அட்சரேகை கேட்பதில்லை. ஜி லைன் (புலத்தின் குறுக்கே போகும் அளவுக் கோடு) எத்தனை மீட்டர், ஆஃப்செட் (அந்தக் கோட்டிலிருந்து செங்குத்துத் தூரம்) எவ்வளவு, முச்சந்திக் கல் (மூன்று எல்லை சேரும் இடத்துக் கல்) இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். புலப்படமே கல்லிலிருந்து கல்லுக்கு அளந்தது, அதற்குக் கண்டங்களைப் பற்றிக் கவலை கிடையாது. அதனோடு பேச வேண்டுமானால் நாமும் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் கல் இருக்க வேண்டுமே! 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்ததை அகற்ற ஜே.சி.பி. இறங்கினால் மூலைக் கல் என்ன கதிக்கு ஆளாகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் கையைச் சுட்டுக்கொண்டது இப்படி ஒரு முந்திரிக் காட்டில்தான். இரண்டே கல் கிடைத்தது, இரண்டையும் வைத்துப் பொருத்தினேன். மென்பொருள் திருப்பியும் நீட்டியும் அழகாகப் பொருத்திக் கொடுத்தது, பிழை பூஜ்யம் என்றது. இரண்டு புள்ளிக்கு நாலு அளவுருவை (இரண்டு நகர்வு, ஒரு திருப்பம், ஒரு நீட்டல்) தேடச் சொன்னால் பிழை எப்போதும் பூஜ்யம்தான், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரு கல் டிராக்டர் இடித்து ஓரடி தள்ளிப் புதைக்கப்பட்டிருந்தது மூன்றாவது கல் தோண்டிக் கிடைத்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து நாலு கல்லுக்குக் குறைந்தால் பொருத்துவதில்லை. பொருத்தும்போது நீட்டலையும் மூடிவைத்துவிடுவேன். நகர்த்துவது மட்டும் போதும். மீதி வருகிற பிழையைக் கல்வாரியாகப் பார்த்தால் எந்தக் கல் பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி, வேகத்தால் பின்னோக்கி இழுப்பது. கல்லே கிடைக்காத இடத்திலும், கல்லைத் தாண்டிய வேலையிலும் இது உதவும். இன்றைய எண்ணிலிருந்து வருட வித்தியாசத்தை வேகத்தால் பெருக்கிக் கழித்தால் பழைய நாளின் எண் கிடைக்கும். இதைத்தான் எப்பாக் மாற்றுவது என்கிறார்கள். எப்பாக் என்றால் வேறொன்றும் இல்லை, அந்த எண் எந்த நாளுக்கு உரியது என்பதுதான். 2025.3 என்றால் 2025ஆம் வருடத்தில் பத்தில் மூன்று பங்கு கழிந்த நாள். நம் சித்திரை அங்கேதான் வரும். 2025.3லிருந்து 2005.0க்கு (சர்வே ஆஃப் இந்தியா வைத்திருக்கும் நாள் அது, நான்காவது வழியில் சொல்கிறேன்) இழுக்க வேண்டுமானால் 20.3 வருடம்: வடக்கில் 71 சென்டிமீட்டரும் கிழக்கில் 87 சென்டிமீட்டரும் கழிக்க வேண்டும். கால்குலேட்டர் போதும்.

இதில் மூன்று இடத்தில் ஆட்கள் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, குறி. பின்னோக்கிப் போகக் கழிக்க வேண்டும். அவசரத்தில் கூட்டிவிட்டால் பிழை இரட்டிப்பாகி இரண்டேகால் மீட்டர் ஆகும். ட்ரோன் படத்தின் மேல் வரப்பை விரித்தால் வரப்பு வாய்க்காலுக்குள் இறங்கி நிற்கும். கூட்டியவன் நான்தான். இரண்டாவது கைச்சூடு அது.

இன்னொன்று, சட்டகத்தையும் நாளையும் ஒன்றாக நினைப்பது. இது படித்தவர்களுக்கே வரும் கோளாறு. பி.பி.பி. சேவை ஐ.டி.ஆர்.எஃப். 2020ல் கொடுக்கிறது, வேலைக்கு ஐ.டி.ஆர்.எஃப். 2008 வேண்டும். மென்பொருளில் "2020லிருந்து 2008க்கு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எண் மாறுகிறது, வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். பெயரில் 2008 என்று இருப்பதால் 2008ஆம் வருடத்துக்குப் போய்விட்டதாக எண்ணம். உண்மையில் இந்த இரண்டு சட்டகத்துக்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். அந்தப் பொத்தான் அதைத்தான் திருத்தியது. ஒரு மீட்டருக்கு மேல் உள்ள தட்டு நகர்வு அப்படியே கிடக்கிறது. சட்டகத்தின் பெயர் ஊர், எப்பாக் தேதி. ஊரை மாற்றி எழுதினால் தேதி தானாக மாறாது.

மூன்றாவது, எல்லா இடத்துக்கும் ஒரே வேகம் என்ற நம்பிக்கை. தென்னிந்தியாவுக்கு இது பொருந்தும், ஏனென்றால் தீபகற்பம் ஏறக்குறைய ஒரே கெட்டிப் பலகையாக நகர்கிறது. இமயமலை அடிவாரத்தில் இது செல்லாது. அங்கே தட்டு முட்டிக்கொண்டு நசுங்குகிறது. அந்தமானிலும் செல்லாது. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் போர்ட் பிளேர் மீட்டர் கணக்கில் ஒரே நாளில் நகர்ந்தது. அன்று கடலூர் தேவனாம்பட்டினத்தில் சுனாமி அலை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். தரையும் லேசாக அசைந்தது, ஆனால் தென்னிந்தியாவில் பதிவானது ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். 2005.0 அந்தப் பூகம்பத்துக்கு ஒரு வாரம் கழித்து வருவதால், அதற்குப் பிந்திய அளவுகளை மட்டும் கையாள்கிற நமக்கு அந்தத் தலைவலியும் இல்லை. ஜப்பான்காரர்கள் நிலை வேறு. 2011 பூகம்பத்தில் ஓஷிகா தீபகற்பம் ஐந்து மீட்டருக்கு மேல் நகர்ந்ததால் கிழக்கு ஜப்பான் முழுக்கக் கோஆர்டினேட்டைத் திருத்தினார்கள். ஆஸ்திரேலியா நம்மைப் போலத்தான், கெட்டிப் பலகை. வருடத்துக்கு 7 சென்டிமீட்டர் ஓடுகிறது. 1994ல் நிறுத்திவைத்த எண்ணோடு பல வருடம் ஓட்டிவிட்டு, கடைசியில் 2020க்கு 1.8 மீட்டர் மாற்றிக்கொண்டார்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வேகக் கணக்கு கிடைமட்டத்துக்கு மட்டும். நீர் இறைப்பதால் நிலம் அமிழ்கிறதா என்ற கேள்விக்கு இதில் பதில் தேடக் கூடாது. அதற்கு பென்ச் மார்க்கிலிருந்து (உயரம் குறித்துவைத்த நிலையான புள்ளி) லெவல் எடுப்பதுதான் வழி.

நான்காவது வழி, சி.ஓ.ஆர்.எஸ்., அதாவது எப்போதும் ஓடிக்கொண்டு, சிம் வழியாக ரோவருக்குத் திருத்தம் அனுப்பும் நிலையான பேஸ்களின் வலை. சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை நட்டு, அவற்றின் கோஆர்டினேட்டை ஐ.டி.ஆர்.எஃப். 2008, எப்பாக் 2005.0 என்று நிறுத்திவைத்திருக்கிறது. ரோவருக்கு ஒரு குணம்: பேஸ் எந்த நாளில் நிற்கிறதோ அதே நாளில்தான் ரோவரும் நிற்கும். பேஸ் 2005ல் நிற்பதால், 2025ல் தோப்புக்குள் நிற்கும் ரோவரும் 2005ஆம் வருட எண்ணையே காட்டும். பத்து வருடம் கழித்து யார் வந்து அளந்தாலும் அதே எண். கழித்தல் இல்லை, கூட்டல் இல்லை, குறி மாறிப்போகும் பயமும் இல்லை. கிராம வீட்டு மனைகளை அளக்க 2020ல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் புதுச்சேரி கிராமங்களை ட்ரோனில் எடுத்ததற்கும் முதுகெலும்பு இந்த வலைதான். அந்தப் படத்தோடு ஒட்ட வேண்டிய வேலைக்கு வேறு வழியைத் தேடுவதே வீண்.

குறையும் உண்டு. சிம் சிக்னல் இல்லாத காட்டில் இது வேலைக்கு ஆகாது. அதைவிடப் பெரிய குறை, பழைய பி.பி.பி. தாளோடு இது நேராக ஒத்துப்போகாது. தோப்பில் அதையும் செய்து பார்த்தேன். சி.ஓ.ஆர்.எஸ். காட்டிய எண்ணுக்கும் 2013ஆம் வருடத் தாளுக்கும் 46 சென்டிமீட்டர் வித்தியாசம், அதுவும் முன்பு வந்ததற்கு எதிர்த்திசையில். 2005லிருந்து 2013 வரை 8.3 வருடத்தின் நகர்வு அது. ஆக ஒரே கல்லுக்கு மூன்று எண்: 2005, 2013, 2025. மூன்றும் சரி. தோப்புக்காரருக்கு இதைச் சொல்லியிருந்தால் என்னை வேலிக்கு வெளியே அனுப்பியிருப்பார்.

எனவே என் தேர்வு இப்படிப் போகும். எல்லைத் தகராறு, உட்பிரிவு, பட்டா சம்பந்தம் என்றால் கல்லோடு பொருத்துவது. சாலை, குழாய், லேஅவுட், ட்ரோன் படம் என்று பல வருடம், பல ஆட்கள் கை மாறும் வேலை என்றால் சி.ஓ.ஆர்.எஸ். சிக்னல் இல்லாவிட்டால் பி.பி.பி. எடுத்துக் கையால் 2005.0க்கு இழுப்பது. அப்படி இழுத்தால் ஒரு புள்ளியையாவது சிக்னல் உள்ள இடத்தில் சி.ஓ.ஆர்.எஸ்.ஸிலும் அளந்து ஒத்துப்பார்ப்பேன். மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் வந்தால் குறி சரி. ஒரே நாள் வேலைக்கு எதுவும் வேண்டாம், தாளில் தேதி மட்டும் இருந்தால் போதும். கல்லைப் பார்க்காமல் வேகக் கணக்கை மட்டும் வைத்து இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நடுவே சுவர் எங்கே என்று தீர்ப்பு சொல்வதை மட்டும் நான் செய்ய மாட்டேன். 2013ல் அளந்தவர் உண்மையில் எந்த முறையில் அளந்தார் என்பதற்குப் பல நேரம் தாளில் சாட்சி இருக்காது. அவர் வேறொரு பேஸிலிருந்து எடுத்திருந்தால் என் அழகான கழித்தல் அந்தரத்தில் தொங்கும். தோப்பில் 66 சென்டிமீட்டர் கச்சிதமாக வந்ததால்தான் பி.பி.பி. என்று உறுதியானது.

பழைய வரைபடத்தில் நூறு மீட்டருக்கும் மேல் இடித்தால் அது இந்த விவகாரமே இல்லை, பழைய வரைபடக்காரர்கள் பூமியின் வடிவத்துக்கு வைத்துக்கொண்ட எவரெஸ்ட் நீள்கோளத்தின் விவகாரம். அதற்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1802ல் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தொடுத்து சோழமண்டலக் கரையோரம் பூமியின் வளைவில் ஒரு வில்லின் நீளத்தை அளந்தார். அதன் தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயில் ஊர்தான். அவர் கருவியை வைத்த இடம் அன்றிலிருந்து வடகிழக்கே 12 மீட்டர் போயிருக்கும், கோயில், கெடிலம் ஆறு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு.

தோப்பு வேலையை இப்படி முடித்தேன். நான்கு கல்லையும் அளந்து, பழைய தாளோடு பொருத்தினேன். கல்லுக்குக் கல் மிச்சம் இரண்டு சென்டிமீட்டருக்குள். வேலி கல்லின் மேலேயே போகிறது, யாரும் யாரையும் தின்னவில்லை. பக்கத்துக்காரரையும் கூப்பிட்டு இருவர் முன்னிலையில் நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் காட்டினேன். சுண்ணாம்புக் குறிகளைப் பையன் காலால் தேய்த்து அழித்தான். பிறகு சி.ஓ.ஆர்.எஸ்.ஸில் எடுத்த எண்ணைப் புதுத் தாளில் எழுதி, கீழே "ஐ.டி.ஆர்.எஃப். 2008, எப்பாக் 2005.0" என்றும், அதற்குக் கீழே அளந்த தேதியையும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "எல்லாம் சரி தம்பி. நான் வாங்குனது 2013ல. நீங்க எதுக்கு 2005ன்னு எழுதியிருக்கீங்க? அப்போ இது பழைய ஓனர் பேர்ல இருந்துச்சே."